முதல் கட்டத்தில் இடது கால்

என் தொழில் கால் செய்வது. முதல் தடவை இதைக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை என்னைத் தேடி வர வேண்டிய நிலைமை வந்தவர்கள் சிரிப்பதில்லை.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். நான், தோல் பட்டைகளைத் தைக்கும் என் மனைவி, மரத்தைச் செதுக்கும் எங்கள் மகன். ரயிலில் அடிபட்டவர்கள், ஆலை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டவர்கள், சர்க்கரை வியாதி முற்றிக் காலை எடுத்தவர்கள் எங்களிடம் வருவார்கள். மிச்சமிருக்கும் தொடைக்கு பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அதற்கு ஏற்ற மாதிரி மரத்தில் ஒரு கிண்ணம் குடைவோம். தொடை அந்தக் கிண்ணத்தில்தான் போய் உட்கார வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் புண்ணாகிவிடும். மாதத்துக்கு ஆறு கால் செய்வோம். ஏழு கால் செய்த மாதத்தில் என் மனைவிக்கு விரல் வீங்கிவிட்டது.

கால் முடிந்ததும் அதை மாட்டியவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கண்ணை யாரும் ஏமாற்றிவிடலாம், என் காதை ஏமாற்ற முடியாது. இரண்டு காலும் ஒரே மாதிரி சத்தம் போடும்வரை கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்போம். கடைசியில் கிண்ணத்துக்குள் அவர் பெயரைப் பென்சிலால் எழுதுவேன். ஏன் பென்சில் என்றால், அவர் செத்துப்போன பிறகு வீட்டார் அந்தக் காலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயரை அழித்து, கிண்ணத்தை மாற்றி, அடுத்தவர் பெயரை எழுதுவோம். என் பட்டறையில் இது இருபத்தாறு வருட வழக்கம். அதில் அரசாங்கம் வந்து தலையை விடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

போர் ஆரம்பித்த மறுவாரமே எங்கள் தெருவுக்கும் ஆள் வந்துவிட்டது. அமைச்சகத்தின் முழுப் பெயர் போர்க்கால உற்பத்தித் திரட்டு அமைச்சகம். ஜனங்கள் 'திரட்டு' என்று சுருக்கிவிட்டார்கள். நாட்டில் இருக்கிற எல்லாத் தொழிலையும் போருக்குத் திருப்பிவிடுவது திரட்டின் வேலை. பொம்மைக் கடைக்காரர் தகரத்தில் பீரங்கிப் பொம்மை செய்கிறவர். அதையே பன்னிரண்டு மடங்கு பெரிதாகச் செய்யச் சொன்னார்கள், செய்தார். சிவப்புப் பெயின்டுக்கு மட்டும்தான் அனுமதி வந்திருந்ததால் சிவப்பாகவே ஊர்வலம் போயிற்று. குடைக்காரரிடம் பாராசூட் கேட்பார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. கேட்டது வெறும் கைப்பிடி, நாலாயிரம். எதற்கு என்று கேட்டதற்கு ராணுவ ரகசியம் என்றார்கள். சொன்னவருக்கே அது தெரியாது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

எங்கள் பட்டறைக்கு முறை வர இரண்டு மாதம் ஆனது. எங்களுக்கு வாய்த்த திட்ட அதிகாரி ஒல்லியானவர், நாற்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசுவார். எதைக் கேட்டாலும் "விகிதம் என்ன?" என்பார். தெருவில் அவருக்கு விகிதம் என்றே பேர் வைத்துவிட்டோம். விகிதம் என் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்களை 'முன்னெச்சரிக்கைத் தொழிற்சாலை' என்ற பிரிவில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். மாதம் இருநூறு கால். எல்லாம் இடது கால்.

ஏன் இடது என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"அணிவகுத்துப் போறப்ப எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கிறாங்க? இடது. முதல்ல முன்னால போறதுதானே முதல்ல போகும். அதனால முதல் கட்டத்துல இடது. வலது ரெண்டாம் கட்டம். திட்டம்னா ஒரு ஒழுங்கு வேணும் இல்லையா?"

மூன்று பேர் எப்படி இருநூறு கால் செய்வது என்று நான் வாயைத் திறப்பதற்குள், என் மகன் கையில் ஒரு மஞ்சள் சீட்டைக் கொடுத்தார். அதில் 'அத்தியாவசியத் தொழிலாளி' என்று போட்டிருந்தது. இலக்கை எட்டும் வரைக்கும் அந்தச் சீட்டு செல்லும். சீட்டு செல்லும் வரைக்கும் அவனைப் படையில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு வயது இருபத்துமூன்று. எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் போய், ஒருவனிடமிருந்து கடிதம் நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தச் சீட்டை என் மனைவி வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.

உதவிக்கு, மூடிய சோப்புக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேரை அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் செதுக்கியதெல்லாம் சோப்பு மாதிரி வழுவழுவென்று ஒரே அளவில் வந்தது. முட்டிக்கு வைக்கும் இரும்புக் கீல்களைப் போன மாதம்தான் திரட்டின் உலோகச் சேகரிப்புப் பிரிவு வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தது. கீல் வேண்டும் என்று விண்ணப்பித்தோம். மூன்று வாரம் கழித்து முத்திரை போட்ட பெட்டி வந்தது. திறந்தால் எங்கள் கீல்களேதான், நான் எண்ணெய் போட்ட கறைகூட அப்படியே இருந்தது.

அடுத்த சிக்கல் அளவு. அளவு கொடுக்க ஒரு காயம்பட்டவர் வேண்டும். வானொலியோ நம் பக்கம் ஒருவருக்கும் காயமில்லை என்று தினமும் மூன்று வேளை சொல்லிக்கொண்டிருந்தது. விகிதத்திடம் கேட்டேன்.

"காயம்பட்டவங்க இல்லைங்கிறது அரசாங்கத்தோட நிலைப்பாடு. கால் தயாரா இருக்கணும்ங்கிறது அரசாங்கத்தோட திட்டம். நிலைப்பாடு வேற, திட்டம் வேற. நீங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஆகவே புறப்படப் போகிறவர்களுக்கே அளவெடுக்கச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் இடது தொடையையும் அளந்து சொன்னேன், மகன் எழுதிக்கொண்டான். முதல் பத்துப் பேர் கேலி செய்தார்கள். எங்கள் தெருப் பேருந்துக் கண்டக்டரும் வரிசையில் இருந்தார். "அண்ணே, அளந்துட்டு அங்கேயே விட்டுடுங்க. எனக்கு அது தேவைப்படும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பதாவது ஆளுக்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டேப்பைச் சுற்றும்போது சிலருக்குத் தொடை நடுங்கியது என் விரலுக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாதக் கடைசியில் இருநூறு கால் முடிந்தது. விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். விகிதம் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அடுத்த படிவத்தை எடுத்தார், முகம் வாடிவிட்டது.

"உற்பத்தி இருநூறு. பயன்பாடு பூஜ்யம். விகிதம் பூஜ்யம் சதவீதம். இதை நான் மேல அனுப்பினா இந்தத் தொழிற்சாலையே அத்தியாவசியம் இல்லைன்னு ஆயிடும்."

அத்தியாவசியம் இல்லை என்றால் மஞ்சள் சீட்டு இல்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு காலை இறக்கி, கிண்ணத்தைத் திருப்பிக் காட்டி, எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். பேர் எழுதிவிட்டால் அது அவருடைய கால்தான் சார், அதில் மாற்றுப் பேச்சே கிடையாது என்றேன். அந்த வாயை அன்றைக்கு மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

விகிதத்தின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அளவெடுத்த இருநூறு பேரின் பெயரையும் கிண்ணங்களில் எழுதச் சொன்னார். அதைப் பார்த்து அவருடைய எழுத்தர் கால் பெற்றவர்களின் பதிவேட்டில் ஏற்றினார். பயன்பாடு நூறு சதவீதம். மூன்றாம் நாள் அமைச்சரே வானொலியில் பேசினார்.

"நமது வீரர்களுள் இருநூறு பேர் ஏற்கனவே செயற்கைக் கால் பெற்றுவிட்டார்கள் என்பதைப் பெருமிதத்துடன் அறிவிக்கிறேன். எதிரியின் குண்டு வந்து சேர்வதற்கு முன்பே நமது கால் வந்து சேரும். இவ்வாறு காலத்தை முந்திய அரசு உலகில் வேறெங்கும் இல்லை."

பத்து நாள் கழித்து கண்டக்டர் பட்டறைக்குள் நுழைந்தார், இரண்டு காலோடும். கையில் ஒரு கடிதம். செயற்கைக் கால் பெற்றவர்கள் ஊனமுற்றோர் என்பதாலும், ஊனமுற்றோர் போர்ப்பணிக்குத் தகுதியற்றோர் என்பதாலும் அவர் உடனே விடுவிக்கப்படுவதாக எழுதியிருந்தது. படைத் தலைமையகத்தில் யாரோ பதிவேட்டை மட்டும் படித்திருக்கிறார்கள். இருநூறு பேருக்கும் இதே கடிதம் போய்விட்டதாம். கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் நான் செய்த கால்களில் உருப்படியானவை இந்த இருநூறுதான் என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. இலக்கு முழுமையாக எட்டப்பட்டுவிட்டதால் தொழிற்சாலைக்கு இனி அத்தியாவசியத் தொழிலாளி தேவையில்லை, மஞ்சள் சீட்டு ரத்து. மகன் பதினெட்டாம் தேதி காலை மைதானத்தில் இருக்க வேண்டும்.

என் மனைவி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். எழுந்துபோய் விட்டத்தில் தொங்கிய கால்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பட்டியலில் ஒருவர் பெயர் தவறிப்போய் இரண்டு தடவை வந்திருந்தது. அந்த மனிதருக்கு அரசாங்கம் இரண்டு இடது கால் கொடுத்திருந்தது. அதில் ஒன்றை இறக்கினாள்.

"என்னங்க, ரப்பரை எடுங்க."

"ஏம்மா, கண்டுபிடிச்சா—"

"கண்டுபிடிக்கட்டும். அவனை நான் அனுப்ப மாட்டேன்."

பெயரை அவளே அழித்தாள், மகன் பெயரை அவளே எழுதினாள். நான் காலைத் தூக்கிக்கொண்டு போய் எழுத்தரிடம் காட்டினேன். பதிவேட்டில் ஒரு பிழை இருக்கிறது, ஒருவருக்கு இரண்டு இடது கால் ஏறியிருக்கிறது என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமலே திருத்தி எழுதினார். பதினெட்டாம் தேதிக்கு முதல் நாள் மகனுக்கும் அந்த விடுவிப்புக் கடிதம் வந்தது. அன்று வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டோம். வெகு நாளைக்குப் பிறகு என் மனைவி ஒரு வாய் அதிகம் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒன்பது நாள் நீடித்தது. ஒரு படைப்பிரிவு முழுக்க வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பதை யாரோ கவனித்துவிட்டார்கள். பதிவேடு தவறு என்று சொல்ல வழியில்லை, அமைச்சர் அதை வானொலியில் படித்துவிட்டார். அப்படியானால் தவறு வேறு எங்கோ இருக்க வேண்டும். விகிதத்துக்குப் பதவி உயர்வு கொடுத்து, ஒப்புநோக்குக் குழு என்று ஒன்றை அமைத்து, அவரையே தலைவராகப் போட்டார்கள். கூட ஓர் அறுவை மருத்துவர், ஓர் எழுத்தர். சுற்றறிக்கையில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தது: 'பதிவேட்டுக்கும் உடலுக்கும் வேறுபாடு காணப்படின், உடலைப் பதிவேட்டுக்கு இணங்கச் செய்யும் செலவை அரசே ஏற்கும்.'

நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். குழுவில் மருத்துவர் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

குழு எங்கள் பட்டறைக்கே வருகிறது, நடக்கும் கம்பிகள் இங்கேதான் இருக்கின்றன என்பதால். எனக்கு ஆறு நாள் இருந்தது. மகனுடைய இடது காலை முட்டியில் மடக்கி, கெண்டைக்காலைத் தொடையோடு சேர்த்துப் பட்டையால் கட்டினேன். மடங்கிய முட்டி உட்காரும்படி கிண்ணத்தை அகலமாகக் குடைந்தேன். பின்னால் துருத்திக்கொண்டு நின்ற பாதத்தை மறைக்க என்னுடைய நீளமான மழைக்கோட்டைப் போட்டுவிட்டோம். ஒற்றைக் காலோடு வந்தவர்களை இரண்டு கால்காரர்கள் மாதிரி நடக்க வைப்பதுதான் என் தொழில். இரண்டு காலும் உள்ள என் பிள்ளையை நொண்ட வைக்க நான் உட்கார்ந்து பழக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் செய்தேன். அரை மணிக்கு மேல் கட்டி வைத்தால் அவன் பாதம் நீலமாகிவிடும். குழு ஒன்பது மணிக்கு வரும் என்று போட்டிருந்ததால் எட்டே முக்காலுக்குக் கட்டினோம்.

குழு வந்தது பதினொன்றரைக்கு. அதற்கு வெகு முன்பே எழுத்தர் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், சோதனைக்கு வந்தவர்கள் யாரும் வரிசையை விட்டு நகரக் கூடாது என்றார். கட்டை அவிழ்க்க வழியில்லை. மகன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு அவன் உதடு வெளுத்தது. பத்தரைக்கு வேர்க்க ஆரம்பித்தது. நான் கம்பியைத் துடைப்பது மாதிரி அவன் பக்கத்தில் போய், வலிக்கிறதா என்று கேட்டேன். வலி போயிட்டுதுப்பா, இப்ப ஒண்ணுமே தெரியலை என்றான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் இரண்டு ஊன்றுகோலோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். கால்சட்டையின் இடது பக்கம் மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த வரிசையிலேயே நிஜமாகக் கால் போனவர் அவர் ஒருவர்தான். லாரி மெக்கானிக்காம். போர்முனையில் வண்டி ரிப்பேர் செய்துகொண்டிருந்தபோது குண்டு விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு நாள் விடுப்பு கொடுத்து, அதற்குள் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விடுப்பு அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.

அவர் என் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் குனிந்து தன் ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டே மெல்லச் சொன்னார்.

"தம்பி, கீழே பார்த்து நடக்காதீங்க. கால் போனவன் காலைப் பார்க்க மாட்டான். எதிர்ல வர்றவன் மூஞ்சியைத்தான் பார்ப்பான், அவன் எங்கே பார்க்கிறான்னு."

குழு வந்ததும் முதலில் கூப்பிட்டது கண்டக்டரை. அவர் நேர்மையான மனிதர், காலையும் கட்டிக்கொள்ளவில்லை, பொய்யும் யோசிக்கவில்லை. விட்டத்திலிருந்து இறக்கிய தன் மரக்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய், எனக்கு ரெண்டு காலும் இருக்கு சார், இதைத் திருப்பி எடுத்துக்கங்க என்றார். விகிதம் பதிவேட்டைப் பார்த்தார், கண்டக்டரின் காலைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"வலது கால் ஒண்ணு. அரசாங்கம் குடுத்த இடது கால் ஒண்ணு. ரெண்டும் சரி. அப்ப இது?" என்று கண்டக்டரின் சொந்தக் காலைக் காட்டினார். "எழுதிக்குங்க. இடது கால் ஒன்று, மிகை."

எழுத்தர் எழுதினார். வாசலில் ஒரு வேன் நின்றது. கண்டக்டரை அதில் ஏற்றினார்கள். அவர் ஏறும்போது இரண்டு காலடியும் படியில் ஒரே மாதிரி கேட்டன.

அடுத்து என் மகன். கம்பியைப் பிடித்து எழுந்தான். நான் பழக்கத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கால் பூட்ஸ் சத்தம், ஒரு கால் மரச் சத்தம். நடுவில் ஓர் இழுப்பு இருந்தது. தலையைக் கீழே போடாதே, போடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். விகிதம் ஒரு மர ஸ்கேலால் அவன் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கட்டைச் சத்தம் வந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். மருத்துவர் பக்கத்தில் வந்து கோட்டின் பின்பக்கம் கையை வைத்தார். கை குதிகாலின் மேல் நின்றது. என் மனைவி ஊசியைத் துணியில் குத்தாமல் விரலில் குத்திக்கொண்டாள்.

"வீக்கம் இருக்கு. குளிர்ல வரும். அடுத்த ஆள்" என்றார் மருத்துவர்.

பதிவேட்டில் ஒரு டிக் விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு கிண்ணங்களுக்குள் முத்திரை குத்துவார்கள், முத்திரை விழுந்தால்தான் டிக் நிலைக்கும் என்று எழுத்தர் சொன்னார். மகனைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டை அவிழ்த்தோம். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ரத்தம் திரும்ப ஓடத் தொடங்கியதும் அவன் அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டான், சத்தம் வெளியே வராமல். நான் காலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, முத்திரைக்காக வெளியே வந்தேன்.

வெளியே மெக்கானிக் குழுவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எழுத்தர் அவர் பெயரை இரண்டு தடவை உரக்கப் படித்து, விரலை வைத்துத் தேடினார். இல்லை. விகிதம் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"பதிவேட்டுல பேர் இல்லைன்னா உங்களுக்கு ரெண்டு காலும் இருக்குன்னு அர்த்தம். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க."

மெக்கானிக் கால்சட்டையின் ஊக்கைக் கழற்றிக் காட்டினார். மருத்துவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நடுவில் புகுந்து, மூன்றே நாள் கொடுங்கள் சார், நானே அச்செடுத்துச் செய்து தருகிறேன் என்றேன்.

"முதல் கட்டம் இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது. நாளைலேர்ந்து ரெண்டாம் கட்டம், வலது கால்" என்றார் விகிதம். மெக்கானிக்கிடம் திரும்பி, "உங்களுக்கு வலது கால் போயிருந்தா ஒரு பிரச்சினையும் இருந்திருக்காது" என்று ஆறுதலாகச் சொன்னார். பிறகு ஏதோ நினைவு வந்த மாதிரி என்னைப் பார்த்தார். "இவர் பேர் எழுதின கால் ஒண்ணு இருந்தா இப்பவே பதிஞ்சிடலாம். பேர் எழுதாத கால் ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

என் கையில் ஒரு கால் இருந்தது. சட்டைப் பையில் ரப்பரும் பென்சிலும் இருந்தன. முத்திரை இன்னும் விழவில்லை. இரண்டு தேய்ப்பு தேய்த்தால் பெயர் போய்விடும். அப்புறம் அந்த மனிதர் தன் பெண் குழந்தைகளிடம் போகலாம். சாயங்காலம் படைக்குப் போகும் லாரியில் என் மகன் போவான்.

மெக்கானிக் என் கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"இல்ல சார். எல்லாத்துலயும் பேர் இருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. திரட்டில் இருக்கிறவர்கள் யாருமே பொய் சொல்வதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பரவாயில்லண்ணே" என்றார் மெக்கானிக். எழுத்தர் என் கையிலிருந்து காலை வாங்கி முத்திரை குத்தினார். மெக்கானிக் படியிறங்கித் தெருவில் போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டை, கட்டை, பூட்ஸ். கட்டை, கட்டை, பூட்ஸ். குடைக்காரர் கடையைத் தாண்டும் வரைக்கும் கேட்டது. திரைக்குப் பின்னாலிருந்து மகன், அந்த அண்ணனுக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டான். போயிட்டார் என்றேன்.

கண்டக்டரும் வேனில் ஏற்றிய மற்றவர்களும் மூன்றாம் நாள் இரண்டு காலோடும் திரும்பி வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியின் ரம்பங்களை எல்லாம் உலோகச் சேகரிப்புப் பிரிவு எடுத்துக்கொண்டு போயிருந்ததாம். 'மிகைக் கால், நிலுவையில்' என்று ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ரம்பம் திரும்பி வரும் வரைக்கும் கண்டக்டர் பேருந்தில் டிக்கெட் கிழிக்கலாம். என் மகன் வாரத்தில் ஒரு நாள் காலைக் கட்டிக்கொண்டு போய்த் திரட்டு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். எனக்கு அமைச்சகம் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைக் குளியலறைக் கதவில் இருந்த ஓட்டைக்கு ஒட்டியிருக்கிறேன்.

சோப்புக்காரர்கள் இப்போது வலது கால் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் நான் மட்டும் ஓர் இடது காலைச் செய்து முடித்தேன். அச்செடுக்கவில்லை. அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நினைவில் வைத்து, கண்ணளவிலேயே குடைந்தேன். நான் செய்ததிலேயே நல்ல கால் அதுதான், என் மனைவியும் அப்படித்தான் சொன்னாள். பெயர் எழுதப் பென்சிலை எடுத்தபோது கை நின்றுவிட்டது. எழுத்தர் அவர் பெயரை இரண்டு தடவை உரக்கப் படித்தார், நான் மூன்றடி தள்ளித்தான் நின்றேன். காதில் விழுந்தது, தங்கவில்லை. அந்த நேரத்தில் என் காதுக்குள் என் மகன் பெயர் ஒன்றுதான் இருந்தது. அவர் நடந்துபோன சத்தத்தை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். பெயர் மட்டும் வரவில்லை.

அதை விட்டத்தில் தனியாகத் தொங்கவிட்டிருக்கிறேன். போன வாரம் விகிதம் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். நேற்றுக் கடிதம் வந்தது. பயன்பாட்டு விகிதம் குறைந்திருப்பதாகவும், பெயரிடப்படாத இடது கால் ஒன்று என் வசம் எப்படி வந்தது, அது யாருடையது என்பதற்கு ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

திரட்டு இதுவரை என்னிடம் கேட்ட கேள்விகளில் நியாயமான கேள்வி இது ஒன்றுதான். ஆறு நாள் இருக்கிறது.